ரெயூனியன் தீவு: மலையும் கரும்பும் தமிழரும்

பிரெஞ்சு மொழி வழங்கும் நாட்டுப்புறம் என்று கேட்ட மாத்திரத்தில் திராட்சைத் தோட்டங்களும், கோதுமை வயல்களும், கூர்ங்கோபுரம் தாங்கிய மாதா கோயில்களுமே நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் அம்மொழி வழங்கும் நாட்டுப்புறம் ஒன்றில் மதுரைவீரனுக்குச் சேவல் காவு கொடுக்கிறார்கள், பாஞ்சாலியம்மனுக்குத் தீமிதிக்கிறார்கள், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுக் கறி சமைக்கிறார்கள் என்றால் நம்மில் பலர் நம்பத் தயங்குவர். அந்நாடு இந்துமாக்கடலின் தென்மேற்கே உள்ள ரெயூனியன் தீவாகும். திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தொலைவில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீசியசுக்கு அண்மையில் அது கிடக்கின்றது. 1946 மார்ச்சு 19ஆம் நாள் பிரான்சு நாட்டின் மாவட்டங்களுள் ஒன்றாக அது ஆக்கப்பெற்றது. இன்றும் அவ்வாறே உளது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேர். அவருள் நான்கில் ஒரு பங்கினர் தென்னிந்திய வழியினர் என்பதும், அவர்களுள்ளும் பெரும்பாலோர் தமிழர் மரபினர் என்பதும் பொதுவான மதிப்பீடு.

ஆரியங்காவும் ஆரல்வாய்மொழியும் கடந்து இங்கு வந்தவர்கள் நாம். அவர்களோ கடல் கடந்தவர்கள். நமக்குப் பிறந்த ஊர் ஓர் இரவுப் பயணம். அவர்களுக்கு அது பல வாரக் கப்பற் பயணம். ஆகவே இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதற்கில்லை. ஆயினும் வேற்று மண்ணில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் எவற்றைக் காத்தன, எவற்றை இழந்தன என்று அறியும் விருப்பம் நமக்கு இயல்பாகவே உண்டு. ரெயூனியனில் அவ்வினாவுக்கு விடை தேடுவோர் முதலில் அந்நாட்டின் மலையையும் மழையையும் பார்த்தல் வேண்டும். அங்கே மனிதர் வாழ்வைப் பெரும்பாலும் வகுத்தது நிலமே.

தீவின் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். நம் திருவனந்தபுரம் மாவட்டத்தைவிடச் சற்றே பெரிது. இவ்வளவு சிறிய இடத்தில் இயற்கை அடுக்கி வைத்திருக்கும் மலைகளோ பெரியவை. அவிந்துபோன எரிமலையாகிய பித்தோன் தே நேழ், அதாவது பனிச்சிகரம், 3,070 மீட்டர் உயரமுடையது. நம் ஆனைமுடி 2,695 மீட்டர் என்பதை நினைந்தால் இதன் உயர்வு விளங்கும். இதன் தென்கிழக்கே இன்னும் அவியாத எரிமலை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பித்தோன் த லா பூர்நேஸ்; உலைச்சிகரம் எனலாம். உதகையின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். இவ்வுலைச்சிகரம் 2,632 மீட்டர். தொட்டபெட்டாவின் உச்சி பிளந்து அடிக்கடி தீக்குழம்பு கக்கினால் எப்படியிருக்கும்? அதுவே அங்குள்ள மக்களுக்குப் பழகிப்போன காட்சி. உலகில் மிகுதியாகக் குமுறும் எரிமலைகளுள் ஒன்று அது. 1977ஆம் ஆண்டு ஏப்பிரலில் அதன் குழம்பு சேந்த் ரோஸ் பகுதியில் ஓர் ஊருக்குள் புகுந்து வீடுகளை விழுங்கி, மாதா கோயிலின் வாயில்வரை வந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. இன்று அக்கோயிலுக்கு எரிகுழம்பு மாதா கோயில் என்றே பெயர். 2007இல் சிகரத்தின் வாயே ஏறக்குறைய 300 மீட்டர் ஆழத்துக்கு இடிந்து இறங்கியது. குழம்பு கடலுக்கு இறங்கும் சரிவைப் 'பெருஞ்சூடு' என்னும் பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். அங்கே ஒரு புறம் கருங்கல்லாய் உறைந்த பாழ்நிலம். மறுபுறம் அதன்மேலேயே துளிர்த்தெழும் பன்னம். சில ஆண்டுகளில் சிறு காடு.

பனிச்சிகரத்தைச் சுற்றி மூன்று பெரும் மலைக்கிண்ணங்கள் உள்ளன. சலாசி, சிலாவோஸ், மஃபாத் என்பன அவற்றின் பெயர்கள். செங்குத்தான பாறைச்சுவர் நாற்புறமும் சூழ, உள்ளே சிறு சிறு மேட்டு நிலங்களில் சிற்றூர்கள் தொங்குவனபோல அமைந்திருக்கும். சிலாவோசுக்குச் செல்லும் பாதையில் நானூறு வளைவுகள் உண்டென்று சொல்லிக்கொள்வர். அங்கு விளையும் பருப்பு தீவெங்கும் பேர்பெற்றது. சலாசியில் பாறை முழுதும் அருவி. வேலியெல்லாம் சௌசௌக் கொடி. மஃபாத்துக்கு இன்றளவும் வண்டிப்பாதை கிடையாது. கால்நடையாகச் செல்ல வேண்டும், அன்றேல் ஹெலிகாப்டரில் இறங்க வேண்டும். சில நூறு பேர் அங்கே வாழ்கின்றனர். இம்மலைகளையும் பாறைச்சுவர்களையும் 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

மழையின் கதையையும் சொல்லாமல் விடுதற்கில்லை. 1966 ஜனவரியில் வீசிய புயலின்போது, இத்தீவின் போக்போக் என்னும் மேட்டுநிலத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது. உலக அளவுகளில் அதற்கு மேல் இதுவரை பதிவாகவில்லை. இடவப்பாதியும் துலாவர்ஷமும் சேர்ந்து நம் திருவனந்தபுரத்தில் ஓராண்டு முழுதும் கொட்டும் மழை ஏறத்தாழ இவ்வளவுதான். கீழைக் காற்று மேகத்தைக் கொணர்ந்து மலையில் மோதுவதால் கிழக்குக் கரை எப்பொழுதும் ஈரம். மேற்குக் கரையோ மலையின் மறைவில் காய்ந்து கிடக்கும். செங்கோட்டைக்கு இப்புறமும் அப்புறமும் நாம் காணும் வேற்றுமை அங்கே ஒரு தீவுக்குள்ளேயே அடங்கியுள்ளது.

இத்தகைய நாட்டில் பழங்குடி மக்கள் என்று எவருமிலர். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கொள்ளும் வரையில் அது ஆளற்ற தீவாகவே இருந்தது. பூர்போன் தீவு என்று அவர்கள் அதற்குத் தம் அரச குடும்பத்தின் பெயரை இட்டனர். புரட்சிக் காலத்தில், 1793இல், ரெயூனியன் என்னும் பெயர் வந்தது. இடையில் அரசு மாறுந்தோறும் தீவின் பெயரும் மாறி, 1848இல் ரெயூனியன் என்பதே நிலைத்தது. முதலில் காப்பி பயிரிட்டனர். அதற்காக மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கொணர்ந்தனர். 1806, 1807ஆம் ஆண்டுகளின் புயல்கள் காப்பித் தோட்டங்களைப் பாழாக்கிய பின்னர்க் கரும்பு வந்தது. கரும்பு கரையோரச் சரிவுகளைப் பற்றிக்கொண்டு மெல்ல மேலேறியது.

அடிமைகளுள் தப்பியோடியவர்கள் மலைக்கிண்ணங்களில் புகுந்து ஒளிந்தனர். மஃபாத் என்பதே அங்ஙனம் வாழ்ந்த தலைவன் ஒருவனின் பெயர் என்பர். சலாசியில் ஆன்ஷேன் என்னும் அடிமையின் பெயரால் ஒரு குன்று நிற்கின்றது. அவன் தன் மனைவியுடன் அதன் உச்சியில் மறைந்து வாழ்ந்தான் என்பது கதை. பின்னர் நிலமிழந்த ஏழை வெள்ளையரும் மேட்டு நிலங்களுக்கு ஏறினர். ஆகவே அந்நாட்டில் ஒருவர் எந்த உயரத்தில் வாழ்கிறார் என்பதைக் கொண்டே அவர் எவ்வழி வந்தவர் என்பதை ஒருவாறு கூறிவிடலாம் என்னும் நிலை உண்டாயிற்று. மேலே சிறு உழவர்; கீழே கரும்பு. தமிழர் வந்து சேர்ந்தது அக்கீழ்நிலத்திற்கே.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். இன்று உலகெங்கும் வனிலா விளைவதற்கு வழிகாட்டியவன் இத்தீவின் அடிமைச் சிறுவன் ஒருவன். சேந்த் சுசான் என்னும் ஊரில், 1841இல், எட்மோன் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் வனிலாப் பூவைக் கையாலேயே சூல்கொள்ளச் செய்யும் முறையைக் கண்டான். அதற்குமுன் தாயகமாகிய மெக்சிகோவுக்கு வெளியே அக்கொடி பூத்ததே தவிர முறையாகக் காய்த்ததில்லை. அவனால் தோட்ட முதலாளிகள் செல்வர் ஆயினர். அவன் வறியவனாகவே இறந்தான். மலைச்சரிவுகளில் ஜெரேனியமும் வெட்டிவேரும் வளர்த்து வாசனை எண்ணெய் எடுப்பதும் பின்னாளில் வந்த தொழில். வெட்டிவேருக்குப் பிரெஞ்சு மொழியிலும் வெத்திவேர் என்றே பெயர். பாரிசு நகரத்து வாசனைக் கடைக்காரர் தாம் சொல்வது தமிழ்ச் சொல் என்று அறிவாரோ, அறியோம்!

1848 டிசம்பர் 20ஆம் நாள் ஏறத்தாழ 60,000 அடிமைகள் ரெயூனியனில் விடுதலை பெற்றனர். விடுதலை பெற்றவர் கரும்புத் தோட்டத்தில் நிற்க விரும்புவரோ? முதலாளிகளின் கண் நம் கரையின்மேல் திரும்பிற்று. 1828இலேயே ஏனாமிலிருந்து சிலரைக் கொண்டுசென்று பார்த்திருந்தனர். இப்பொழுது புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள்சேர்ப்புப் பெருகியது. பஞ்சமும் கடனும் துரத்திய குடும்பங்கள், பிரெஞ்சு எல்லைக்கு வெளியே தஞ்சை, தென்னார்க்காட்டு ஊர்களிலிருந்தும் அங்கு வந்து கப்பலேறின. ஆங்கில அரசு 1860, 1861ஆம் ஆண்டுகளில் பிரான்சோடு உடன்படிக்கை செய்து தன் குடிகளையும் கொண்டுபோக இசைவளித்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆணுக்கு மாதக் கூலி பன்னிரண்டரை பிராங்கு, உணவாக அரிசி, முடிவில் திரும்பும் பயணம் இலவசம். ஏட்டில் இவ்வளவும் அழகாகவே இருந்தது. 1882க்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அத்தீவில் இறங்கினர்.

இறங்கியவரை முதலில் லா கிராந்து ஷாலூப் என்னும் இடத்தில் தனிமைப்படுத்தி வைத்தனர். இரு மலைச்சரிவுகளுக்கிடையே கடலை நோக்கிய ஒடுங்கிய பள்ளம் அது. அதன் கற்கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. காவிரிக் கழிமுகத்தில் பிறந்தவன், கண்ணுக்கெட்டிய தூரம் சமநிலமும் வாய்க்காலும் கண்டு வளர்ந்தவன், அங்கே நின்று தலைநிமிர்ந்து பார்த்தபோது என்ன எண்ணியிருப்பான்? அங்குள்ள ஆறுகள் ஆறுகளல்ல. மழைநாளில் பாறையுருட்டிப் பாயும் காட்டாறுகள். மற்ற நாட்களில் வெறுங்கல். நெல் வயல் இல்லை. பருவங்களும் தலைகீழ். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 21ஆம் பாகையில் உள்ளமையால் நம் மார்கழிப் பனி அவர்களுக்குக் கோடைமழை. நம் தை மாதம் அவர்களுக்குப் புயல்மாதம். கரும்பு வெட்டு ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடியும். பொங்கல் விடுமுறையை ஒப்பந்தங்களில் எழுதிக்கொண்டனர். அறுவடைத் திருநாளாகிய அப்பொங்கல், புதுநெல் காணாத நாட்டில், வெட்டி முடிந்த கரும்புத் தட்டைகளுக்கு நடுவே வந்தது.

தோட்டத்து வாழ்வின் கொடுமைகள் கடல் கடந்து எட்டின. 1877இல் இரு அரசுகளும் கூடி விசாரணைக் குழு ஒன்றை அனுப்பின. பிரெஞ்சுத் தரப்பில் மியோ என்பவரும், ஆங்கிலத் தரப்பில், முன்னாளில் சென்னைப் படையில் பணிபுரிந்த கோல்ட்ஸ்மிட் என்பவரும் தோட்டந்தோறும் சென்று கேட்டனர். ஒப்பந்தம் முடிந்தும் விடாமல் பிடித்து வைத்தல், கூலியைப் பிடித்துக்கொள்ளுதல் முதலிய குறைகள் வெளிவந்தன. அதன் பயனாக 1882 நவம்பரில் ஆங்கில அரசு ரெயூனியனுக்கு ஆளனுப்புதலை நிறுத்தியது. அடுத்த மாதம் எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்தார். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அவர் பின்னாளில் இரங்கிப் பாடியதை நாம் அறிவோம். ரெயூனியன் தோட்டங்களில் அதே துயரம் அவர் பிறப்பதற்கு முன்னரே ஒரு தலைமுறை கடந்து மூத்திருந்தது.

ஆளனுப்புதல் நின்றது நன்மையே. ஆனால் அதன் மற்றொரு விளைவையும் காண வேண்டும். அன்றுமுதல் தமிழ் பேசும் புதியவர் அத்தீவுக்கு வருவது அற்றுப்போயிற்று. மொரீசியசில் அவ்வருகை இன்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது; இலங்கை மலைநாட்டிலோ தமிழ்நாடு கூப்பிடு தூரம். ரெயூனியன் தமிழர் ஒரு பாத்திரத்தில் ஊற்றிய நீர்போல நின்றுவிட்டனர்.

அந்நீரும் பல பாத்திரங்களில் பிரிந்திருந்தது. தீவைச் சுற்றிலும் மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் ஆழ்ந்த பள்ளங்கள் நிலத்தைத் துண்டு துண்டாக அறுத்துள்ளன. ஒவ்வொரு துண்டிலும் ஒரு தோட்டம், ஓர் ஆலை, ஒரு கூலி வரிசை. ஒரு தோட்டத்தார் அடுத்த தோட்டத்தாரைக் காண்பதற்கு அனுமதிச் சீட்டும் வேண்டும், கால்வலியும் வேண்டும். பெண்கள் ஆண்களைவிட மிகக் குறைவாகவே வந்தனர். ஆதலின் பலர் விடுதலை பெற்ற அடிமைகளின் மகளிரை மணந்தனர். அக்குடும்பத்தில் வழங்கும் மொழி எதுவாகும்? பிரெஞ்சும் மலகாசியும் பிறவும் கலந்து தோட்டத்தில் பிறந்த கிரியோல் மொழியே தாயின் மொழியாயிற்று. தாயின் மொழியே பிள்ளையின் மொழியாயிற்று. பள்ளியில் பிரெஞ்சு. பிறப்புப் பதிவில் பிரெஞ்சு முன்பெயர். முப்பாட்டனாருடைய பெயர் குடும்பப் பெயராக உறைந்தது. இராமசாமி ரமஸ்ஸாமி ஆயினார். முத்துசாமி மூத்தூஸ்ஸாமி ஆயினார். வீரப்பிள்ளை விரப்பூலே ஆயினார். சேன் ஆந்த்ரே நகரத்தின் தலைவராகவும் பிரெஞ்சுப் பாராளுமன்ற உறுப்பினராகவும் நெடுங்காலம் விளங்கிய ழான் போல் விரப்பூலே இவ்வழியினரே. 1889இன் குடியுரிமைச் சட்டம் அங்குப் பிறந்த பிள்ளைகளைப் பிரெஞ்சுக் குடிகள் ஆக்கியது. நூறாண்டுக்குள் தமிழ் பேச்சுமொழியாக அத்தீவினின்று ஏறக்குறைய மறைந்தது.

மொழி போயிற்று, தெய்வம் போகவில்லை. தோட்ட முதலாளிகள் ஆலைக்கருகே ஒரு மூலையில் சிறு கோயில் கட்டிக்கொள்ள இடம் விட்டனர். அவ்வாறு இருந்தால் ஆட்கள் ஓடிப்போக மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்காக இருக்கலாம். காரணம் எதுவாயினும் மாரியம்மனும், காளியும், மதுரைவீரனும், முனீஸ்வரனும் கரும்புக்கு நடுவே குடியேறினர். முனீஸ்வரன் பெயர் அவர்கள் நாவில் மினிஸ்ப்ரேன் என்று சிதைந்தது. பாஞ்சாலி பண்டியாலே ஆனாள். சிதைந்தாலென்ன, பதினெட்டு நாள் நோன்பிருந்து, பாரதப் போரின் பதினெட்டு நாளை நினைந்து, அவள் பெயரால் தீக்குழி இறங்குவோர் இன்றும் உளர். சேன் ஆந்த்ரே, சேன் பியேர், சேன் லூயி ஆகிய ஊர்ப்புறங்களில், கரும்பு வெட்டு முடியும் டிசம்பர், ஜனவரித் திங்களில் இது பெரிதும் நடைபெறும். இரவெல்லாம் பாரதக் கதையை ஆடிப்பாடும் தெருக்கூத்தும் நெடுங்காலம் வழங்கிற்று. 'நாடகம்' என்னும் சொல்லே நார்லகோன் என்று அங்குத் திரிந்தது. கூத்தை நடத்தும் வாத்தியாரின் பெயரும் இவ்வாறே திரிந்து வழங்குகிறது. ஞாயிறு காலையில் மாதா கோயிலில் மண்டியிட்டவரே மாலையில் மாரியம்மன் முன் கற்பூரம் ஏற்றுவர். இதில் முரண்பாடு உண்டென்று பாதிரிமார் வருந்தினர். அம்மக்கள் வருந்தியதாகத் தெரியவில்லை.

பூசாரிகள் தந்தையிடம் கேட்ட பாட்டுகளை ரோமன் எழுத்தில் குறிப்பேடுகளில் எழுதிவைத்தனர். பொருள் மறந்தது, ஓசை நின்றது. பொருள் தெரியாமல் ஓதுவதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. நம் காலனி வீடுகளிலேயே தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு விழா மேடையில் பாடும் குழந்தைகள் உளர். நாம் கைதட்டி மகிழ்கிறோம். அக்குறிப்பேடும் இக்குறிப்பேடும் எவ்வளவு தொலைவில் உள்ளன என்று பெற்றோர் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.

கோயிலுக்கு அடுத்துத் தமிழைக் காத்தது அடுக்களை. கொத்துமல்லி அங்கே கொத்தோமிலி, கறிவேப்பிலை கலூப்பிலே, பீர்க்கங்காய் பிப்பாங்காய், முருங்கை மூருங். நம் ஊறுகாயிலிருந்து வந்ததாகக் கூறப்படும் ரூகாய் என்பது, தக்காளியும் மிளகாயும் இஞ்சியும் சேர்த்து இடித்த ஒருவகைத் துவையலாக, அத்தீவில் எல்லா இனத்தாருடைய இலையிலும் இடம்பெற்றுவிட்டது. மேட்டு நிலத்து வெள்ளை உழவனும் சோறும் பருப்பும் கறியும் ரூகாயும் உண்கிறான். தமிழர் பிரெஞ்சுக்காரராய் மாறியதைப் பேசுவோர், பிரெஞ்சுக்காரரின் வயிறு தமிழ்நாட்டுக்கு மாறியதையும் பேச வேண்டும்.

அங்கே இம்மக்களுக்கு வழங்கும் பெயர் மல்பார் என்பது. முற்கால ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என்றும் தமிழையும் மலபார் மொழி என்றும் குறித்தனர். அப்பிழையின் எச்சம் இது. கேரளத்தில் நம்மைப் பாண்டிக்காரர் என்று பிரித்துச் சொல்கிறார்கள். அங்கேயோ காரைக்கால் தமிழன் மலபாரியாகிவிட்டான். தொடக்கத்தில் இழிவாகத் தோன்றிய அச்சொல்லை இன்று அவர்களே பெருமையுடன் ஏற்றுக்கொண்டுள்ளனர்.

1970களுக்குப் பின்னர் ஒரு மாற்றம் தோன்றியது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மொரீசியசிலிருந்தும் குருக்கள்மார் வந்தனர். கோபுரத்தோடு கூடிய ஆகமக் கோயில்கள் எழுந்தன. தைப்பூசக் காவடியும் தீபாவளியும் ஊர்த் திருவிழாக்கள் ஆயின. சில பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடமாகவும் கற்பிக்கப்படுகிறது. இதனால் ஒரு பிணக்கும் உண்டாயிற்று. ஆடும் சேவலும் காவு கொடுத்த பழைய தோட்டக் கோயில்களைப் புதியவர் நாகரிகமற்றன என்றனர். பழையவர்களோ, பாட்டன் காலத்தில் எங்களுடன் நின்ற தெய்வம் இதுவே என்று விடாதிருக்கின்றனர். எனக்குப் பழையவர் பக்கமே நியாயம் மிகுதியாகத் தோன்றுகிறது. அகரத்தை மறந்த நாளிலும் அம்மனை மறவாதவர்கள் அவர்களல்லரோ?

ஒருகாலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட சர்க்கரை ஆலைகள் இயங்கிய அத்தீவில் இன்று எஞ்சியவை இரண்டே: கிழக்கே புவா ரூழ், தென்மேற்கே லெ கோல். மற்றவற்றின் புகைபோக்கிகள் கொடி படர்ந்து கரையோரமெங்கும் தனித்து நிற்கின்றன. அவற்றுட் பலவற்றின் அடியில் செம்மண்ணும் மஞ்சளும் பூசிய சிறு கோயில் ஒன்றும், அதன் முன் வண்ணக் கொடி ஏந்திய மூங்கிற்கழி ஒன்றும் காணலாம். ஜூலை பிறந்ததும் கரும்பு ஏற்றிய வண்டிகள் அவ்வழியே இரவும் பகலும் ஓடுகின்றன.